நாயின் மடியில் கட்டி: மோசமான வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் எட்டு வயதுப் பெட்டை நாய். இரண்டு ஈற்று குட்டி போட்டது. இரண்டு ஈற்றுக்கும் இடையில் குட்டி வேண்டாம் என்று சில வருடங்கள் தடுப்பூசி மாதிரி ஓர் ஊசி போட்டு வந்திருக்கிறார்கள். பின்னங்கால் பக்கம் கடைசிக் காம்புக்கு அருகில் பட்டாணி அளவில் இருந்த கட்டி இரண்டே மாதத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. டவுனில் பார்த்த மிருக வைத்தியர் வெட்டி எடுக்கச் சொல்கிறார். லயத்தில் உள்ளவர்கள் கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள். ஊசி குத்திப் பார்த்தாலே எல்லாம் தெரியும் என்கிறார் மச்சான். இது வேகமாகப் பரவுகிற வகையா, எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டில் இருக்கும் இதன் ஏழு மாத மகளுக்கும் வருமா என்பது கேள்வி.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வைத்தியர் சொன்னது சரி. ஆனால் வெட்டுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டிய சில விஷயங்கள் உண்டு, வெட்டிய பிறகு செய்தே ஆக வேண்டிய ஒன்றும் உண்டு. அந்தக் கடைசி ஒன்றைத்தான் நம் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, தையல் பிரித்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கட்டி எப்படிப்பட்டது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் துண்டில்தான் இருந்தது. வெளியே இருந்து பார்த்து, தடவி, ஊசி குத்தி நாம் சொல்வதெல்லாம் சந்தேகத்தின் அளவுதான்.

நாய்க்குப் பால் சுரப்பிகள் பக்கத்துக்கு ஐந்து வீதம் பொதுவாகப் பத்து இருக்கும். கட்டிகள் அதிகம் வருவது பின்னால் உள்ள நான்காவது, ஐந்தாவது சுரப்பிகளில், அதாவது உங்கள் நாய்க்கு வந்த இடத்தில். கருப்பை எடுக்காத பெட்டை நாய்களில் மிக அதிகமாகக் காணப்படும் கட்டி இதுவே. மிருக வைத்தியப் புத்தகங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு: இந்தக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி சாதுவானவை, பாதி புற்று, புற்றாக இருப்பதிலும் ஏறக்குறையப் பாதிதான் உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவும். நாட்டுக்கு நாடு, ஆய்வுக்கு ஆய்வு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் மடியில் கட்டி என்றதுமே நாய் போய்விட்டது என்று கைவிடவும் தேவையில்லை, கொழுப்புக் கட்டிதான் என்று விட்டுவிடவும் கூடாது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

அந்த ஊசி பற்றி ஒரு வார்த்தை. குட்டி போடாமலிருக்க நம் நாட்டில் பெட்டை நாய்களுக்குப் போட்டு வந்தது டெப்போ-புரோவெரா, அதாவது மெட்ரொக்ஸிபுரொஜெஸ்தரோன். பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிறார்களே, அதே மருந்துதான். நாயின் பால் சுரப்பியில் இந்த ஹோர்மோன் வேறு விதமாக வேலை செய்கிறது. சுரப்பி இழையமே வளர்ச்சி ஹோர்மோனைச் சுரக்கத் தொடங்கி, கலங்கள் பெருகுகின்றன. கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது, கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் கூடுகிறது. உங்கள் நாய்க்குக் கட்டி வந்தது இதனால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. வயதும், கருப்பை எடுக்காததும் தாமே பெரிய காரணங்கள். ஆனால் எத்தனை ஊசி, கடைசியாக எப்போது, கடைசியாக எப்போது சூட்டுக்கு வந்தது என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சரி, கையால் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பத்துச் சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்க்க வேண்டும். கட்டி உள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும். பெரிய கட்டியைக் காட்டி வைத்தியரிடம் போவீர்கள். அரிசி அளவில் ஒன்று மேலே மூன்றாவது சுரப்பியில் ஒளிந்திருக்கும், அதுதான் கெட்டதாகவும் இருக்கலாம். சந்தேகத்தைக் கூட்டும் அறிகுறிகள் இவை: சில வாரங்களில் இரட்டிப்பாவது, 3 சென்ரிமீற்றரைத் தாண்டுவது, எல்லை தெரியாமல் பரந்திருப்பது, தோலோடோ அடித்தசையோடோ ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது, தோல் வெடித்துப் புண்ணாவது. உங்களுடையது வேகத்தாலும் அளவாலும் ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் வந்துவிட்டது. கல் மாதிரி இறுகியிருந்தால் புற்று என்று பலரும் நினைப்பதற்கு மட்டும் மதிப்புக் கொடுக்க வேண்டாம். நாய்களில் கலப்புக் கட்டி என்று ஒரு வகை உண்டு. அதற்குள்ளே எலும்பும் குருத்தெலும்பும்கூட உருவாகியிருக்கும், தொட்டால் கல்தான். ஆனாலும் அவற்றில் பல சாதுவானவை.

எல்லாக் கட்டியும் பால் சுரப்பிக் கட்டியும் அல்ல. சூட்டுக்கு வந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் சில நாய்கள் சினைப்படாமலேயே மடி கட்டிப் பால் சுரக்கும். அது சில வாரங்களில் தானாக வற்றிவிடும். கொழுப்புக் கட்டி, தோலில் வரும் மாஸ்ட் கலக் கட்டி, தோலுக்கடியில் வாழும் டைரோபிலேரியா புழு ஏற்படுத்தும் சிறு முடிச்சு, தெரு நாய்களோடு சேர்வதால் தொற்றும் பாலுறுப்புக் கட்டி ஆகியவையும் இந்தப் பகுதியில் வரலாம். கடைசிக் காம்புப் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது, அது குடலிறக்கம். கவட்டுப் பக்கத்தில் குடலோ கருப்பையோ தோலுக்கடியில் வந்து நிற்கும், பார்ப்பதற்குக் கட்டிதான். அது இல்லை என்று உறுதி செய்யாமல் ஊசி குத்தக் கூடாது.

இனி மச்சான் சொன்ன ஊசிக்கு வருகிறேன். மெல்லிய ஊசியால் கலங்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பது நல்ல சோதனைதான், மலிவும்கூட, மயக்க மருந்தும் தேவையில்லை. மேலே சொன்ன மாஸ்ட் கலக் கட்டி, கொழுப்பு, சீழ் போன்றவற்றை அது நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் பால் சுரப்பிக் கட்டிதான் என்று ஆன பிறகு, அது சாதுவா கெட்டதா என்று சொல்வதில் ஊசி தடுமாறும். காரணம் எளிது. ஒரே கட்டிக்குள் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை புற்றாகவும் இருக்கும். ஊசி எந்த மூலையில் இறங்கியது என்பது அதிர்ஷ்டம். அதோடு, பக்கத்து இழையத்துக்குள் கலங்கள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதே முக்கியக் கேள்வி. தனித்தனிக் கலங்களாக உறிஞ்சி எடுத்ததில் அந்த அமைப்பு தெரியாது. ஆகவே ஊசியில் ‘புற்று இல்லை’ என்று வந்தால் அதை நம்பி ஒப்பரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். ஊசிக்கு உண்மையான பெறுமதி நிணநீர்க் கணுவில், அதாவது நெறி கட்டும்போது கையில் தட்டுப்படும் முடிச்சில்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கத்தி வைப்பதற்கு முன் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒரு வகை இருக்கிறது. அழற்சி வகைப் புற்று என்பார்கள். நாய்களின் பால் சுரப்பிப் புற்றுகளில் மிக மோசமானது இதுதான், நம் பக்கத்தில் மிகச் சுலபமாக ஏமாற்றுவதும் இதுதான். ஏனென்று சொல்கிறேன். தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் பலர். மடி வீங்கி, சூடாகி, தொட்டால் உதைக்கிற மாட்டைப் பார்த்தே பழகியவர்கள் நாயின் மடி சிவந்து, சூடாகி, வீங்கியிருப்பதைப் பார்த்ததும் மாட்டுக்கு வரும் மடிவீக்கம்தான் என்று முடிவு செய்கிறார்கள். அன்டிபயோட்டிக் ஒரு வாரம், இன்னொன்று இன்னொரு வாரம் என்று போகும். குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய்க்கு மடிவீக்கம் வரும், அது மருந்துக்குக் கட்டுப்படும். பால் கொடுக்காத, வயதான நாய்க்குக் கட்டி என்று தனியாகப் பிடிக்க முடியாமல் தோலே பலகை மாதிரி தடித்து, ஒரு பக்கம் மட்டுமல்லாமல் இரண்டு பக்க வரிசையும் சிவந்து, தொட்டால் அழுது, பின்னங்காலும் வீங்கத் தொடங்கினால், ஓரிரு வார மருந்துக்கும் அசையாவிட்டால், முதலில் நினைக்க வேண்டியது அழற்சிப் புற்றைத்தான்.

இதில் நடப்பது என்னவென்றால், புற்றுக் கலங்கள் தோலில் உள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுகின்றன. நீர் வடிய வழியில்லாமல் தோலும் காலும் வீங்குகின்றன. இதை வெட்டக் கூடாது. வெட்டிய விளிம்பிலேயே திரும்ப வரும், புண் ஆறாது, இரத்தம் உறைவதிலும் இந்த நாய்களுக்குக் கோளாறு இருப்பதால் மேசையிலேயே விபரீதம் நடக்கலாம். உறுதி செய்யத் தோலோடு சேர்த்து ஒரு சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். சிகிச்சை என்பது வலியைக் குறைப்பதுதான்; பைரொக்ஸிகாம் போன்ற மருந்துகள் சில நாய்களுக்கு நிம்மதியான கொஞ்சக் காலத்தைக் கொடுக்கின்றன. பெரும்பாலானவை வாரங்களிலோ சில மாதங்களிலோ போய்விடும். உங்கள் நாயின் கட்டி தனியாக, பிடிபடக்கூடியதாக, தோல் சிவக்காமல் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் இந்த வகையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்படியும் ஒப்பரேஷன் நாளுக்குள் சூடும் சிவப்பும் தோன்றினால் வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே பரவியிருக்கிறதா என்பது. முதலில் நிணநீர்க் கணு. பின்னால் உள்ள சுரப்பிகளின் நிணநீர் கவட்டுக் கணுவுக்கும், முன்னால் உள்ளவற்றின் நிணநீர் அக்குள் கணுவுக்கும் போகும். நடுவில் உள்ள மூன்றாவது இரண்டு பக்கமும் போகலாம். கணு பெருத்திருந்தால் அதில் ஊசி குத்திப் பார்ப்பது வீண் போகாது, அங்கே புற்றுக் கலம் தெரிந்தால் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி. ஆனால் நம் நாய்களுக்கு உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சலில் உடம்பெங்கும் கணுக்கள் பெருக்கும். ஆகவே கணு பெருத்திருப்பதை மட்டும் வைத்துப் பரவிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. இந்தப் புற்று கணுவுக்கு அடுத்து அதிகம் போகும் இடம் நுரையீரல். ஒரு படம் போதாது: வலப்பக்கம் படுக்க வைத்து ஒன்று, இடப்பக்கம் ஒன்று, மல்லாக்க ஒன்று. படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் காற்றில்லாமல் அமுங்கிப் போவதால், அந்தப் பக்கத்தில் உள்ள முடிச்சு படத்தில் மறைந்துவிடும்; அதற்காகத்தான் திருப்பிப் போட்டு எடுப்பது. அப்படி எடுத்தும் ஏறக்குறைய 5 மில்லிமீற்றருக்குக் குறைவான முடிச்சுகள் எக்ஸ்ரேயில் பிடிபடா. எனவே படம் சுத்தமாக இருந்தால் ‘இன்றைக்குத் தெரியும்படி எதுவும் இல்லை’ என்றுதான் அர்த்தம். முடிச்சுகள் தெரிந்தாலோ பேச்சு வேறு திசையில் போகும். அப்போது வெட்டுவது குணப்படுத்துவதற்காக அல்ல; புண்ணாகி நாறி நாய் கஷ்டப்பட்டால் மட்டும், அதன் நிம்மதிக்காக. செலவையும் நாயின் வேதனையையும் யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆகவே எக்ஸ்ரே வேண்டாம், நேராக வெட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் வயிற்று ஸ்கேனும் நல்லது: ஈரல், உள்ளே இடுப்புப் பக்கத்துக் கணுக்கள், கருப்பையில் சீழ் இருக்கிறதா என்று மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கலாம்.

இரத்தத்தில் புற்று தெரியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தெரியாது. நாயின் மடிக் கட்டியைச் சாது, கெட்டது என்று நம்பகமாகப் பிரிக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் கையில் இல்லை. ஆனாலும் இரத்தம் எடுத்தே ஆக வேண்டும். ஈரல், சிறுநீரகம் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்க்க. அதைவிட முக்கியமாக, உண்ணியால் வரும் பபேசியாவும் எர்லிக்கியாவும் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்க. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் நாயின் இரத்தச் சிறுதட்டுகள் அடிமட்டத்தில் இருக்கலாம், மேசையில் வெட்டிய பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை என்று தெரியும்.

இப்போது அந்தத் துண்டுக்கு வருவோம். ஒப்பரேஷனுக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்: ‘எடுக்கிற கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.’ முன்பே சொல்லாவிட்டால் துண்டை அழுகாமல் காக்கும் போர்மலின் திரவம் தயாராக இருக்காது. பத்து வீதப் போர்மலின், துண்டின் அளவைப் போல பத்து மடங்கு இருக்க வேண்டும். சேலைன் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடக் கூடாது, ஐஸ் பெட்டியில் உறைய வைக்கவும் கூடாது. உறைந்தால் கலங்கள் வெடித்து, பார்ப்பவருக்குக் கூழ்தான் கிடைக்கும். வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல் எடுங்கள். மென்மையான துண்டைச் சிறிய வாய்ப் போத்தலுக்குள் திணித்துவிடலாம், ஆனால் போர்மலினில் ஊறி இறுகிய பிறகு வெளியே எடுக்கப் போத்தலை வெட்ட வேண்டியிருக்கும். போர்மலின் இழையத்துக்குள் மிக மெதுவாக, மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்ற கணக்கில்தான் இறங்கும். பெரிய கட்டியை அப்படியே போட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். வைத்தியர் இடையிடையே கீறிப் போடுவார். எந்தப் பக்கம் தலைப்பக்கம் என்று ஒரு தையலால் அடையாளம் வைத்தால், விளிம்பில் புற்று மிஞ்சியிருந்தால் எந்த விளிம்பு என்று சொல்ல முடியும். இரண்டு கட்டி எடுத்தால் இரண்டு போத்தல், தனித்தனிப் பெயர். ஒன்று சாது, மற்றது கெட்டது என்று வருவது சர்வசாதாரணம். கொண்டுபோகும்போது போத்தலை வழியில் திறக்காதீர்கள், கண்ணும் மூக்கும் எரியும்.

மலையகத்திலிருந்து இதற்கெல்லாம் போய்ச் சேரக்கூடிய இடம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இறங்கலாம். நாயோடு பஸ்ஸில் ஏற விடுவது கஷ்டம். வேன் பிடித்துப் போகிறவர்கள் பக்கத்து லயத்தில் வேறு யாருக்காவது நாய் காட்ட வேண்டியிருந்தால் சேர்ந்து போனால் செலவு பங்காகும். டவுனிலேயே ஒப்பரேஷன் செய்தாலும் குற்றமில்லை. நாயைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. துண்டை அனுப்பினால் போதும். அதை எப்படி அனுப்புவது என்று உங்கள் வைத்தியரே பேசி வைக்கலாம்.

அறிக்கை வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். கட்டியின் வகை முதலில். அடினோமா, சாதுவான கலப்புக் கட்டி என்றிருந்தால் மூச்சு விடலாம். கார்சினோமா என்றால் புற்று, ஆனால் அதிலும் வகைகள் உண்டு: கொம்ப்ளெக்ஸ் கார்சினோமா ஒப்பீட்டளவில் சாந்தமானது, சொலிட் கார்சினோமா அதைவிட மோசம், அனாபிளாஸ்டிக் என்பது மிக மோசமான கூட்டத்தில் சேரும். எலும்புப் புற்று வகையான ஒஸ்டியோசார்கோமா மடியிலேயே தோன்றுவதும் உண்டு, அதுவும் கொடியது. அடுத்து கிரேட், அதாவது தரம். குழாய் அமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கலங்களின் கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது, எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி போடுவார்கள். கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை முதல் தரம், 6, 7 இரண்டாம் தரம், 8, 9 மூன்றாம் தரம். நீங்கள் கேட்ட ‘வேகமான வகை’ என்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் தரம்தான். ஆனால் என்னைக் கேட்டால் நான் முதலில் தேடுவது வேறொரு வரி: நிணநீர்க் குழாய்க்குள்ளோ இரத்தக் குழாய்க்குள்ளோ புற்றுக் கலம் இருந்ததா? இருந்தால், தரம் என்னவாக இருந்தாலும் நாயை விடாமல் கவனிக்க வேண்டும். அப்புறம் விளிம்பு சுத்தமா என்பது. சுத்தமில்லை என்றால் திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம். கெட்ட வகை என்று வந்த நாய்க்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடியைத் தடவிப் பார்த்து நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. கட்டி பெரிதாகிப் புண்ணாகி, நுரையீரலுக்குப் போன பிறகு நாயைக் கொண்டுபோகிறார்கள். வெட்டிய ஒன்றிரண்டு மாதத்தில் நாய் மூச்சு வாங்கிச் செத்துப்போகிறது. பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொல்கிறார்கள். பரவியது வெட்டுவதற்கு முன்பே. அழற்சி வகை ஒன்றைத் தவிர, மற்றவற்றில் முழுதாக, சுத்தமான விளிம்போடு எடுப்பதுதான் முதல் சிகிச்சை. ஒரு முழு வரிசையையும் எடுக்க வேண்டுமா, ஒரு சுரப்பி மட்டும் போதுமா என்பதைக் கட்டியின் இடத்தையும் அளவையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். 3 சென்ரிமீற்றருக்குள் எடுக்கப்பட்ட புற்றுக்கும் 5ஐத் தாண்டி எடுக்கப்பட்டதற்கும் பிழைப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. சிறிதாக இருந்தபோது சாதுவாக இருந்தது வளர வளரக் கெட்டதாக மாறுவதும் உண்டு. உங்கள் நாயின் கட்டி இப்போது அந்த முதல் எல்லையில் நிற்கிறது. அடுத்த சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடாதது: பரசிட்டமோல், டைக்ளோபினாக், இபுபுரோபன் எதையும் கொடுக்க வேண்டாம். மனிதருக்கான அந்த மாத்திரைகள் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுண்ணாம்பு பூசுவதும் கட்டியை அமுக்கித் தேய்ப்பதும் வேண்டாம். தோல் வெடித்தால் நம் ஈரக் காலநிலையில் ஈ மொய்த்து ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும். உப்புத் தண்ணீரால் கழுவி, பழைய பனியன் ஒன்றைப் போட்டு மூடி, உடனே வைத்தியரிடம் போங்கள். பழைய கட்டியில் புழு வைத்து மலைக்காட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் நாய்களைச் சிறுத்தை தூக்குவதும் நம் பக்கத்தில் நடக்காததல்ல.

மகள் விஷயம். தாய்க்கு வந்ததால் மகளுக்கும் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் இதைத் தடுக்கக் கிடைத்திருக்கும் நல்ல நேரம் அவளுக்குத்தான் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் சூட்டுக்கு முன் கருப்பையும் சூலகமும் எடுத்த நாய்க்கு, மடிப் புற்று வரும் ஆபத்து, எடுக்காத நாய்க்கு உள்ள ஆபத்தில் 0.5 வீதம்தான்; முதல் சூட்டுக்குப் பிறகு எடுத்தால் 8 வீதம், இரண்டாவதுக்குப் பிறகு 26 வீதம். பழைய ஆய்வு, ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்று 2012இல் வந்த மீளாய்வு ஒன்று சொன்னது; இருந்தாலும் சீக்கிரம் எடுப்பது காக்கிறது என்பதைப் பெரும்பாலான வைத்தியர்கள் இன்னும் ஏற்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஏழு மாதம் என்பது முதல் சூடு எந்த வாரமும் வரக்கூடிய வயது. தாய்க்குக் கொடுத்த ஊசியை இவளுக்குத் தொடங்காதீர்கள். தாயை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும் அன்றே இவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், கருத்தடை ஒப்பரேஷனுக்கு ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.